சும்மா கிடக்கிற நிலமா இது? குத்துக்கல்வலசையில ஒரு புரட்டாசி நடை

தென்காசின்னு சொன்னதும் உங்க மனசுல முதல்ல வர்றது குற்றாலம் அருவி. ரெண்டாவது பார்டர் புரோட்டா. இந்த எபிசோட்ல ரெண்டுமே கிடையாது. ஊருக்கு வெளியில, யாரும் வண்டியை நிறுத்தி செல்ஃபி எடுக்காத ஒரு தரிசு நிலத்துல ரெண்டு மணி நேரம் நடந்ததைப் பத்தித்தான் பேசப் போறேன்.

இடம் குத்துக்கல்வலசை, தென்காசி டவுனை ஒட்டின ஊர். பேரை ஒரு தடவை மெதுவா சொல்லிப் பாருங்க. குத்துக்கல்னா செங்குத்தா நட்டு வச்ச கல். வலசைன்னா இடம் பெயர்றது, அப்படிப் பெயர்ந்து வந்து குடியேறின இடம். செங்கோட்டை பக்கம் கணக்கப்பிள்ளைவலசைன்னும் ஒரு ஊர் இருக்கு. பறவைங்க கண்டம் விட்டு கண்டம் போறதையும் நாம வலசைன்னுதானே சொல்றோம்? அந்த வார்த்தையை அப்படியே கையில வச்சுக்கோங்க, பின்னாடி தேவைப்படும்.

ஊர் எல்லை தாண்டினா செம்மண், சரளை, அங்கங்க பாறை. தூரத்துல வரிசையா பனை. நடுநடுவுல குடை விரிச்ச மாதிரி தட்டையான தலையோட உடை மரம். மீதி எல்லாம் புல்லு, முள்ளு, இடுப்புயரப் புதர். பத்திரம் எழுதுறவர்கிட்ட கேட்டா தரிசுன்னு சொல்வார். பிளாட் விக்கிறவர்கிட்ட கேட்டா "சார், சும்மா கிடக்கிற இடம்"னு சொல்வார். சூழலியல் படிச்சவங்க சவன்னான்னு சொல்வாங்க. சவன்னான்னதும் ஆப்பிரிக்கா, சிங்கம், வரிக்குதிரைன்னு ஓடிடாதீங்க. மரம் தள்ளித் தள்ளி நிக்கும், நடுவுல வெயில் தரை வரைக்கும் இறங்கும், அந்த வெயில்ல புல் வளரும். அவ்வளவுதான் விஷயம். நம்ம ஊர்லயும் அது நிறையவே இருக்கு. அதுக்கு நாம நல்ல பேர் வைக்கல, அதுதான் பிரச்சினை.

ஏன் புரட்டாசி? மேற்கால பார்த்தா குற்றாலம் மலை. ஜூன்ல தொடங்குற தென்மேற்குப் பருவமழையை அந்த மலைத்தொடர் கேரளாப் பக்கமே கொட்ட வச்சிடும். ஆனா செங்கோட்டை கணவாய் ஒரு ஜன்னல் மாதிரி. அது வழியா காத்தும் கொஞ்சம் ஈரமும் இந்தப் பக்கம் வரும். அதுதான் சாரல். மலையடிவாரத்துல நனையலாம். கிழக்கால சில கிலோமீட்டர் தள்ளிட்டா காத்து மட்டும்தான், சட்டை கூட நனையாது. புரட்டாசில சாரல் அடங்கிடும். வடகிழக்குப் பருவமழை சாதாரணமா அக்டோபர் மூணாவது வாரத்துக்கு மேலதான் வரும். ரெண்டு மழைக்கும் இடையில ஒரு சின்ன இடைவெளி. சாரல் குடுத்த கொஞ்ச ஈரத்துல புல் கதிர் விட்டிருக்கும், செடிங்க பூத்திருக்கும், காத்து குறைஞ்சதால பட்டாம்பூச்சி தைரியமா பறக்கும்.

இதுல எனக்குப் பிடிச்ச ஒரு விஷயம். சங்க இலக்கணத்துல முல்லைத் திணைக்கு என்ன பொழுது? பெரும்பொழுது கார்காலம், அதாவது ஆவணியும் புரட்டாசியும். சிறுபொழுது மாலை. தொழில் மேய்ச்சல். ஸ்கூல்ல "காடும் காடு சார்ந்த இடமும்"னு ரெண்டு மார்க்குக்கு எழுதிட்டு வந்துட்டோம். அந்தக் "காடு"ங்கிறதை அடர்ந்த மழைக்காடுன்னு மனசுல படம் போட்டுக்கிட்டோம். அடர்ந்த காட்டுக்குள்ள மாடு எப்படிங்க மேயும்? புல் வேணும்னா வெயில் வேணும். முல்லைங்கிறது இந்த மாதிரி திறந்த நிலமாத்தான் பெரும்பாலும் இருந்திருக்கணும்ங்கிறது என்னோட அபிப்பிராயம். இன்னைக்கும் தெக்கத்தி கிராமத்துல "காட்டுக்குப் போறேன்"னா புலி பார்க்கப் போறதா அர்த்தம் இல்ல, மானாவாரி நிலத்துக்குப் போறதுன்னு அர்த்தம்.

சரி, புல்லுக்கு வருவோம். எல்லாரும் பூவுக்குத்தான் குனிவாங்க. நான் புல்லுக்குக் குனியச் சொல்றேன்.

முதல்ல கண்ணுல படுறது கொழுக்கட்டைப்புல். கதிர் பஞ்சு மாதிரி, ஊதா கலந்த பழுப்பு, சாயங்கால வெயில்ல ஒளி வச்ச மாதிரி இருக்கும். பார்க்க ஒரு முழம், ஒன்றரை முழம். வேர் மண்ணுக்குள்ள ஆள் உயரத்தையும் தாண்டிப் போகும். மேல தெரியறது செடியோட ஒரு பாதிதான். ஆடு கடிச்சாலும் சாகாது. ஏன்னா புல்லோட வளர்ற முனை தரையை ஒட்டி இருக்கு, மரக்கன்னு மாதிரி உச்சியில இல்ல. நுனி போனா அடியிலருந்து திரும்ப ஏறும்.

அடுத்தது வெயில் விஷயம். கொஞ்சம் கெமிஸ்ட்ரி, பயப்பட வேண்டாம். இலைக்குள்ள காத்துல இருக்கிற கார்பன்-டை-ஆக்சைடைப் பிடிக்கிற ஒரு நொதி உண்டு, பேரு ரூபிஸ்கோ. சூடு ஏற ஏற அது தடுமாறும். கார்பன்-டை-ஆக்சைடுக்குப் பதிலா ஆக்சிஜனைப் பிடிச்சிடும். அந்தத் தப்பைச் சரி பண்ண, செடி ஏற்கனவே சேர்த்து வச்ச சக்தியை செலவழிக்கணும். நெல், வேம்பு, ஆவாரை எல்லாத்துக்கும் இந்தத் தொல்லை உண்டு. இந்தத் தரிசுல இருக்கிற பெரும்பாலான புல்லுங்க வேற வழி வச்சிருக்கு. கார்பனை முதல்ல வேற ஒரு நொதியால பிடிச்சு, இலைக்குள்ள ஒரு தனி அறைக்குக் கொண்டு போய், அங்க இருக்கிற ரூபிஸ்கோவுக்கு நெருக்கிக் குடுக்கும். சுத்தி கார்பன்-டை-ஆக்சைடாவே இருந்தா தடுமாற வாய்ப்பு கம்மி. இதுக்கு சி4 முறைன்னு பேர். கரும்பு, சோளம், கம்பு, மக்காச்சோளம் எல்லாம் இந்தக் கட்சிதான். குறைஞ்ச தண்ணில, கொளுத்துற வெயில்ல கெத்தா வளர்றது இதனாலதான்.

ஆனா இந்த அறைக்கு அறை மாத்துற வேலைக்குக் கூடுதல் சக்தி வேணும், அதுக்கு முழு வெயில் வேணும். நிழல் விழுந்துச்சுன்னா இந்தப் புல்லோட பலமே அதோட பலவீனம் ஆயிடும். இதை மறந்துடாதீங்க. இந்த எபிசோட்ல நான் சொல்ற எல்லாத்துக்கும் அச்சாணி இதுதான்.

பாறையை ஒட்டி ஊசிப்புல் இருந்துச்சு. பேண்ட்ல ஏறி, சாக்ஸைத் துளைச்சு, கடைசில தோலைக் குத்துமே, அதே தான். அதோட விதைக்குக் கூரான முனை, பின்பக்கம் பார்த்த முடி, நீளமான ஒரு வால். காய்ஞ்சா அந்த வால் கயிறு மாதிரி முறுக்கிக்கும், ஈரம் பட்டா முறுக்கு அவிழும். ராத்திரிப் பனிக்கு அவிழ்ந்து, பகல் வெயிலுக்கு முறுக்கி, விதை தன்னைத் தானே திருகித் திருகி மண்ணுக்குள்ள இறக்கிக்கும். மோட்டார் இல்லாத துளையிடும் மெஷின். வீட்டுக்கு வந்ததும் ஒரு விதையை ஈரக் கைக்குட்டை மேல வச்சுப் பாருங்க. கண்ணு முன்னாடியே சுத்தும். அன்னைக்கு நைட்டு நான் நாலு தடவை செஞ்சு பார்த்தேன்.

இப்ப பூ. ஆவாரை. புரட்டாசித் தரிசோட ராணி இவதான், தகதகன்னு மஞ்சள். மைக்கை ஒரு கிளைக்குப் பக்கத்துல பிடிச்சேன், கேளுங்க.

[வண்டின் ரீங்காரம், நடுவில் விட்டு விட்டு உரத்த "ட்ர்ர்ர்" ஒலி]

கேட்டுச்சா? சாதாரண ரீங்காரம் பறக்கிற சத்தம். நடுவுல சுருதி ஏறிக் கேக்குற "ட்ர்ர்ர்" வேற. அது தச்சுத் தேனீ, நாம கருவண்டுன்னு சொல்ற பெரிய கறுப்பு ஆளு. ஆவாரம்பூவுல தேன் கிடையாது, மகரந்தம் மட்டும்தான். அதையும் உப்பு டப்பா மாதிரி ஒரு குழாய்க்குள்ள அடைச்சு, நுனில சின்ன ஓட்டை மட்டும் விட்டு வச்சிருக்கும். கருவண்டு பூவைக் கட்டிப் பிடிச்சு, இறக்கையை மடக்கி வச்சுக்கிட்டு, பறக்கிற தசையை மட்டும் அதிர வைக்கும். உப்பு டப்பாவை உதறின மாதிரி மகரந்தம் கொட்டும். கொஞ்சத்தை வண்டு சாப்பாட்டுக்கு எடுத்துக்கும், கொஞ்சம் அது உடம்புல ஒட்டி அடுத்த பூவுக்குப் போகும். தேன் கூட்டுத் தேனீக்கு இந்த வித்தை தெரியாது. அதனால "தேனீ வளர்ப்போம்"னு பெட்டி கொண்டு வந்து வச்சா மட்டும் ஆவாரைக்குப் பெரிய உபகாரம் இல்ல. கருவண்டு வேணும்னா அது துளை போட்டுக் குடியிருக்க காய்ஞ்ச மரக்கட்டை வேணும். பட்டுப்போன கிளையை எல்லாம் விறகுக்கு ஒடிச்சிட்டா அதோட வீடு போச்சு.

ஆவாரைக்கு வேற கதையும் இருக்கு. தென்னிந்தியாவுல தோல் பதனிட ரொம்ப காலம் பயன்பட்டது ஆவாரம்பட்டைதான். கொங்குப் பக்கம் பொங்கலுக்குக் காப்புக் கட்டறப்ப ஆவாரம்பூ, சிறுபூளை, வேப்பிலை மூணையும் சேர்த்துக் கட்டுவாங்க. தெலங்கானாவுக்கு இதுதான் மாநிலப் பூ. அங்க பேரு தங்கேடு. நம்ம புரட்டாசி அமாவாசையை ஒட்டி பெண்கள் பூவை அடுக்கி வச்சு சுத்தி ஆடுற பதுகம்மா விழாவுல முக்கியமான பூ இது. கூடவே அடுக்குறது நம்ம பண்ணைக்கீரையோட பூ. ரெண்டுமே யாரும் விதைக்காத தரிசுல, வரப்புல வளர்றதுங்க. ஒரு மாநிலமே தன் தரிசு நிலத்தோட பூவை எடுத்து வச்சுக் கும்பிடுது. நாம அதுல பிளாட் போடறோம்.

எருக்கைப் பத்தி ரெண்டு வரி. இலையைக் கிள்ளினா வர்ற பால் விஷம். அதைத் தின்னு வளர்றது வெந்தய வரியன் பட்டாம்பூச்சியோட புழு, பறவைங்க அதைக் கண்டா ஒதுங்கும். அமெரிக்க பிரெய்ரிப் புல்வெளில மொனார்க் பட்டாம்பூச்சியும் மில்க்வீடும் பேசப்படுதே, அதுவும் எருக்கும் ஒரே குடும்பம். அவங்க வீட்டுத் தோட்டத்துல மில்க்வீட் நடுறாங்க. நம்ம வீட்டு வாசல்ல எருக்கு முளைச்சா "ஆகாது"ன்னு பிடுங்கறோம்.

முள்வேலி ஓரமா செங்காந்தள் ஏறியிருந்துச்சு. இலை நுனியே சுருண்டு கொக்கி மாதிரி பிடிச்சுக்கும். பூ முதல்ல பச்சையும் மஞ்சளுமா விரியும், நாள் ஆக ஆக சிவக்கும். நம்ம மாநிலப் பூ. கோடை முழுக்க இந்தச் செடி இருந்த அடையாளமே தெரியாது, மண்ணுக்கடியில கிழங்கா தூங்கிட்டு இருக்கும். முழுச் செடியும் கடும் விஷம், கிழங்குல ரொம்பவே. பாருங்க, படம் எடுங்க, வாயில மட்டும் வச்சிடாதீங்க.

நான் காட்டுற எல்லாமே இந்த மண்ணோடதுன்னு நினைச்சிடக் கூடாது. புண்ணுக்குக் கசக்கிப் போடுவோமே மூக்குத்திப்பூ, வெட்டுக்காயப்பூண்டுன்னும் சொல்வாங்க, அது அமெரிக்கக் கண்டத்துலருந்து வந்தது. கலர் கலரா பூக்குற உண்ணிச்செடியும் அங்கருந்துதான். சீமைக்கருவேலம் 1877 வாக்குல மெட்ராஸ் மாகாணத்துக்குள்ள விதையா வந்துச்சு. விறகுக்கு ஆகும், வறட்சி தாங்கும்னு நல்ல எண்ணத்துலதான் கொண்டு வந்தாங்க. மூக்குத்திப்பூ மேல எனக்குக் கோபம் இல்ல, அது ஓரமா ஒதுங்கி வாழுது. சீமைக்கருவேலம் அப்படி இல்ல, நெருக்கமா வளர்ந்து நிழல் போடும். நிழல் போட்டா சி4 புல்லுக்கு என்ன ஆகும்? முன்னாடியே சொன்னேன்.

பாதி வழியில ஒரு அண்ணாச்சி ஆடு மேய்ச்சுக்கிட்டு நின்னார். அவர்கிட்ட பேசினப்பதான் எனக்கு இந்த நிலத்தோட கணக்கே புரிஞ்சுச்சு. தென்காசி, திருநெல்வேலிப் பக்கம் நெல்லுக்கு ரெண்டு போகம்: கார், பிசானம். கார் அறுத்ததும் வயல்ல ஆட்டை மேய விடலாம், கிடை போடலாம். ராத்திரி ஆடு படுத்தா சாணியும் மூத்திரமும் வயலுக்கு உரம், அதுக்குக் காசோ நெல்லோ கிடைக்கும். புரட்டாசி, ஐப்பசில பிசானத்துக்கு உழவு ஆரம்பிச்சிட்டா வயல் பக்கம் ஆடு போகக் கூடாது. அறுப்பு வரைக்கும் பல மாசம், ஆட்டுக்கு இந்தத் தரிசு மட்டும்தான். "வயலு ஆறு மாசம் சோறு போடும் தம்பி, இது ஆறு மாசம் போடும்"னார். சும்மா கிடக்கிற நிலம்னு நாம சொல்றது, வருஷத்துல பாதி நாள் ஷிஃப்ட் பார்க்குது.

அவர் கை காட்டின பக்கம் வரிசையா குழி. ஒண்ணுக்கு ஒண்ணு பத்தடி கூட இருக்காது. யாரோ மரம் நட வெட்டியிருக்காங்க, நல்ல மனசோடதான். மழை வந்ததும் கன்னு வரும், வேலி வரும், ரெண்டு வருஷத்துக்கு ஆடு உள்ள வரக் கூடாதுன்னு போர்டு வரும். அதுக்கு அந்தப் பக்கம், பிளாட் எல்லை கல்லு புதுசா சுண்ணாம்பு அடிச்சு வரிசையா நிக்குது. ஊர் பேர்ல ஒரு குத்துக்கல், தரையில நூறு குத்துக்கல். தென்காசி 2019 நவம்பர்ல தனி மாவட்டம் ஆச்சு. மாவட்டத் தலைநகரை ஒட்டின நிலத்துக்கு என்ன விலை வரும்னு உங்களுக்கே தெரியும். அண்ணாச்சி கேட்டது ஒரே கேள்வி: "மரத்தையும் வீட்டையும் ஆடு தின்னுமா?"

"தரிசு", "வேஸ்ட்லேண்ட்"ங்கிற சொல்லு எங்கருந்து வந்துச்சுன்னு பார்த்தா, வரிக் கணக்குலருந்து. வெள்ளைக்காரன் காலத்து நில வருவாய்க் கணக்குல, வரி தராத நிலம் வீண் நிலம். அங்க என்ன வளருதுங்கிறது கேள்வியே இல்ல. சுதந்திரத்துக்கு அப்புறமும் அந்தக் கண்ணாடியை நாம கழட்டல. 1985ல தேசிய தரிசுநில மேம்பாட்டு வாரியம் ஆரம்பிச்சாங்க. 2000ல செயற்கைக்கோள் படங்களை வச்சு இந்தியாவோட தரிசு நில வரைபடத் தொகுப்பு வந்துச்சு. அதுல புதர் நிலமும் ஒரு தரிசு வகை. சூரிய மின்சக்திப் பண்ணைக்கு இடம் தேடினாலும், ஈடு செய்யக் காடு வளர்க்க இடம் தேடினாலும், முதல்ல கை போறது இந்தப் பட்டியலுக்குத்தான்.

சில வருஷம் முன்னாடி எம்.டி. மதுசூதன், அபி வனக்னு ரெண்டு ஆராய்ச்சியாளர்கள் இதையே திருப்பிப் போட்டுப் பார்த்தாங்க. நாடு முழுக்க வறண்ட பகுதியில இருக்கிற இயற்கையான திறந்த நிலங்களை வரைபடமா போட்டாங்க. இந்தியாவோட நிலப்பரப்புல சுமார் 10 சதவீதம் வந்துச்சு. அதுல சரணாலயம், தேசியப் பூங்கான்னு பாதுகாப்புக்குள்ள இருக்கிறது 5 சதவீதத்துக்கும் கம்மி. தமிழ்நாட்டுல ஒரு நல்ல உதாரணம் தூத்துக்குடி மாவட்டத்து வல்லநாடு, 1987ல வெளிமானுக்காக சரணாலயம் ஆனது. வெளிமான் திறந்த வெளில ஓடித் தப்பிக்கிற மிருகம். அதுக்கு அடர்ந்த காட்டைக் குடுத்தா அது பரிசு இல்ல, தண்டனை.

"அப்ப மரமே நடக் கூடாதா, கிளைமேட் என்ன ஆகுறது?"ன்னு கேப்பீங்க. நியாயமான கேள்வி. மரம் வெட்டின இடத்துல, ரோட்டோரம், பள்ளிக்கூடத்துல, குளத்துக் கரையில தாராளமா நடுங்க. ஆனா எப்பவும் அடர்காடா இல்லாத இடத்துல நெருக்கி நட்டா அது மீட்பு இல்ல, வேற ஒண்ணா மாத்துறது. கார்பன் கணக்குலயும் ஒரு சூட்சுமம் இருக்கு. மரம் சேர்க்கிற கார்பனோட பெரும் பங்கு கண்ணுக்குத் தெரியிற மாதிரி மேல நிக்குது, தீ வந்தா போயிடும். புல்வெளி தன்னோடதை வேரா, மண்ணா கீழ வச்சிருக்கு. போட்டோவுல அது வராது, அதனால ஸ்பான்சரும் வர மாட்டாங்க. கொஞ்சம் கசப்பா பேசறேன்னு தெரியுது, ஆனா அந்தக் குழிகளைப் பார்த்துட்டு வந்த சூடு.

அமெரிக்கா இதுல நமக்கு முன்னாடியே அடி வாங்கின ஊர். அங்க உயரப்புல் பிரெய்ரில இன்னைக்கு மிச்சம் 4 சதவீதத்துக்கும் கீழ. 1837ல ஜான் டீர் எஃகுக் கலப்பை பண்ணினதுக்கு அப்புறம் அந்தப் புல்லை உழுதே தீர்த்தாங்க. அப்புறம் 1930கள்ல விஸ்கான்சின் பல்கலைக்கழகத்துல, உழுது கைவிட்ட நிலத்துல பிரெய்ரியைத் திரும்பக் கொண்டு வர முயற்சி தொடங்கினாங்க. கர்ட்டிஸ் பிரெய்ரின்னு இன்னைக்கும் இருக்கு. பல பத்து வருஷ வேலை. வேரோட இருக்கிறதைக் காப்பாத்துறது அதைவிட ரொம்ப சுலபம்.

குத்துக்கல்வலசை மாதிரி இடத்துல என்ன செய்யலாம்? சீமைக்கருவேலத்தை வேரோட எடுக்கலாம். உடை, இலந்தை மாதிரி இந்த மண்ணோட மரத்தை அது தானா வர்ற இடைவெளில விடலாம். ஆடு ஒரே இடத்துல நின்னு மொட்டை அடிக்காம, சுத்தி வர்ற மாதிரி மேய்க்கலாம், அதிகமா மேய்ஞ்சா புல்லும் போகும், அதை மறைக்கக் கூடாது. முக்கியமா, கிராம சபைல உங்க ஊர் மேய்க்கால் புறம்போக்கு எங்க, எவ்வளவுன்னு கேக்கலாம். அந்த வகையே வருவாய்க் கணக்குல இருக்கு. நிறைய பேருக்கு அது இருக்குறதே தெரியாது.

நீங்க போறதா இருந்தா: சாயங்காலம் நாலு மணிக்கு மேல போங்க, மூடின ஷூ, ஜீன்ஸ் போட்டுக்கோங்க, புதருக்குள்ள கையை விடாதீங்க, பாம்பு இருக்கும். ஐநேச்சுரலிஸ்ட் ஆப்ல படம் ஏத்தினா பேர் கண்டுபிடிக்க ஆள் இருக்காங்க. தரையைப் பார்த்து நடங்க, கௌதாரியும் வானம்பாடியும் தரையிலதான் கூடு கட்டும். மேய்க்கிறவங்களைப் பார்த்தா நின்னு பேசுங்க, அவங்களுக்குத் தெரிஞ்ச செடிப் பேர் எந்த ஆப்லயும் இல்ல.

இந்தத் தடவை நான் பார்க்காதது பூனைப்பருந்து. அது மத்திய ஆசியாப் பக்கமிருந்து குளிர்காலத்துக்கு இந்தியா முழுக்க வலசை வர்ற பறவை. பகல்ல திறந்த வெளி மேல தாழப் பறந்து வேட்டையாடும், ராத்திரி மரத்துல இல்ல, புல்லுக்கு நடுவுல தரையில தூங்கும். அதுக்குப் படுக்கையே இந்தப் புல்தான். மார்கழில திரும்ப வந்து தேடறதா இருக்கேன். வர்றவங்க கமென்ட்ல சொல்லுங்க. இடம் அதே தரிசு, குழி வெட்டின பக்கம் இல்ல, பாறைப் பக்கம்.